வடக்கு மதிலில் ஓர் ஆணி

செப்டம்பர் 4, 2023, திங்கள்

வழக்கு முடிந்தது. அலங்கத் தெருவின் வடசாரி வீடுகளை இந்த மாதம் முப்பதாம் தேதிக்குள் காலி செய்து கொடுக்க வேண்டும். புறவழிச் சாலையில் கட்டியிருக்கும் அடுக்குமாடிக் குடியிருப்பில் ஆளுக்கொரு வீடு. எனக்குத் தரைத்தளம். தட்டச்சு மெஷின்கள் இருப்பதால் கேட்டு வாங்கினேன்.

கீழ்ப்பட்டினத்துக் கோட்டையில் மிஞ்சியிருப்பது இந்த வடக்கு மதில் மட்டும். மற்ற மூன்று பக்கத்துச் செங்கல்லும் சுங்கச் சாவடிக்கும் மாதா கோயில் சுற்றுச் சுவருக்கும் ஊரார் வீட்டுப் படிகளுக்கும் போய்விட்டது. வடக்கில் ஜனங்கள் மதிலில் சாய்ந்து குடியேறிவிட்டதால் அதை மட்டும் யாரும் பிரிக்கவில்லை. எங்கள் வீடுகளில் மூன்று சுவர் எங்களுடையது, நான்காவது கோட்டையுடையது. அந்தச் சுவர் கோடையில் குளிரும், ஐப்பசியில் வியர்க்கும், எல்லா மாதமும் உப்பு உதிர்க்கும். அப்பா தட்டச்சுப் பள்ளி தொடங்கிய நாளிலிருந்து மெஷின்களை அதிலிருந்து தள்ளித்தான் போட்டிருக்கிறோம்.

தீர்ப்பைக் கேட்டுப் பக்கத்து வீட்டுத் தவமணி அக்கா சொன்னார்: "இத்தினி வருசமா இந்தச் சுவரு நம்ம முதுகுல சாஞ்சுக்கிட்டு நின்னுச்சு. இப்ப என்னடான்னா நாமதான் அது மேல சாஞ்சுட்டமாம்."

மாலை வகுப்புக்கு வழக்கமான பிள்ளைகள் வந்தார்கள். பிப்ரவரித் தேர்வு எங்கே எழுதுவது என்று கேட்டார்கள். அதே மெஷினில்தான், இடம்தான் வேறு என்றேன்.

செப்டம்பர் 6, புதன்

மதிலை அளக்க ஒரு பொறியாளர் வந்தார். நஸ்ரீன் என்று பெயர். முப்பது வயதுக்குள் இருக்கும். வெயிலில் முகம் சிவந்திருந்தது. ஒவ்வொரு வீட்டுப் பின்னறைக்கும் வந்து சுவரைத் தொட்டுப் பார்த்தார். சவரிமுத்து மாமா வீட்டில் நின்றுவிட்டார்.

"என்ன இது, வீட்டுக்கு வீடு ஆணியா அடிச்சு வச்சிருக்கீங்க?"

மாமா சொன்னார். இந்தத் தெருவிலிருந்து கடல் தாண்டிப் போகிறவர்கள், பிழைக்கப் போகிறவர்கள், புறப்படும் நாளில் தங்கள் கையாலேயே மதிலில் ஓர் ஆணி அடித்துவிட்டுப் போவார்கள். திரும்பி வந்ததும், கால் கழுவுவதற்கு முன்னால், அவர்களே அதைப் பிடுங்க வேண்டும். பிறகு வீட்டார் துளையைச் சுண்ணாம்பு வைத்து அடைத்துத் தெருவுக்குச் சர்க்கரை கொடுப்பார்கள். ஆள் வெளியில் இருக்கும்வரை அந்த ஆணியில் எதையும் மாட்டக் கூடாது. வேறு கை அதைப் பிடுங்கவும் கூடாது.

"இரும்பு துருப்பிடிச்சா ஊதும் ஐயா. ஊதினா செங்கல் வெடிக்கும். எல்லாத்தையும் எடுத்துட்டுத்தான் சுவரைப் பழுது பாக்க முடியும்."

"என் மவன் ஆணியை நீங்க எப்படிம்மா எடுப்பீங்க?"

"அப்ப அவரையே வரச் சொல்லுங்க. அவரே எடுக்கட்டும்."

 தவமணி அக்காதான் சொன்னார்: "கடலுக்குத்தான் சொல்லி அனுப்பணும் தாயி."

அந்தப் பெண் அளவு நாடாவைச் சுருட்டிக்கொண்டார். போகும்போது மாமாவிடம் ஏதோ மெல்லச் சொன்னார். எனக்குக் கேட்கவில்லை.

செப்டம்பர் 8, வெள்ளி

மெஷின்களுக்கு எண்ணெய் விட்டேன். மீந்த சொட்டு, வழக்கம்போல, பின்னறை நாட்காட்டி ஆணிக்கு.

செப்டம்பர் 13, புதன்

தெருக்காரர்கள் கூடி ஒரு மனு எழுதச் சொன்னார்கள். வீட்டுக்காக இல்லை, ஆணிக்காக. வீடு போனது போனதுதான் என்று எல்லாருக்கும் தெரியும். நான் தட்டச்சு செய்தேன். 'இன்னும் திரும்பி வராதவர்களின் ஆணிகளை மட்டுமாவது விட்டுவைக்க வேண்டுகிறோம்.' எழுத்தில் பார்க்கும்போது அற்பமாக இருந்தது. மாற்றி எழுதவும் வழி தெரியவில்லை.

செப்டம்பர் 18, திங்கள்

பிள்ளையார் சதுர்த்தி. கொழுக்கட்டை. வகுப்பு இல்லை. மெஷின்களில் இரண்டை மூடிக் கட்டினேன்.

செப்டம்பர் 19, செவ்வாய்

மனுவுக்குப் பதில் வந்துவிட்டது. பொறியாளர் மேலிடத்தில் பேசியிருக்கிறார். வராதவர்களின் ஆணியை விட்டுவைப்பார்கள். அது மதிலின் வரலாற்றில் சேர்த்தியாம். ஆனால் ஆணி யாருடையது என்று அந்த வீட்டார் நேரில் பெயர் சொல்ல வேண்டும். சொன்னால் சுற்றிலும் சாக்கட்டியால் வட்டம் போடுவார்கள். வட்டம் இல்லாத ஆணி பிடுங்கப்படும்.

சவரிமுத்து மாமா தெரு முனைவரை போய் எல்லாரிடமும் சொல்லிவிட்டு வந்தார்.

செப்டம்பர் 20, புதன்

வட்டம் போட வந்தார்கள். பொறியாளர், ஒரு கொத்தனார், பின்னால் பாதித் தெரு.

சவரிமுத்து மாமா சட்டை போட்டுக்கொண்டு நின்றார். தெருவே லூர்து என்று கூப்பிட்ட பையனை, "ஆரோக்கிய லூர்துசாமி" என்று முழுப்பெயராகச் சொன்னார். கொத்தனார் வட்டத்தைக் கொஞ்சம் கோணலாகப் போட்டுவிட்டார். மாமா அழிக்கச் சொல்லித் திரும்பப் போடவைத்தார்.

தவமணி அக்கா வீட்டில் துளை மட்டும் இருக்கிறது. "என் வீட்டுக்காரரு டீக்கடையைத் தாண்டி எங்கயும் போனதில்ல, அவருக்கு எதுக்கு ஆணி? இது என் தம்பியோடது. பினாங்குக்குப் போனான். ரெண்டாயிரத்து ஒம்போதுல வந்து பிடுங்கிட்டான். தெருவுக்கே சர்க்கரை குடுத்தேன், இவகிட்ட கேளுங்க." என்னைக் காட்டினார். ஆமாம், கொடுத்தார் என்றேன்.

பிறகு என் வீடு. அப்பா சென்னைக்குப் போய்வந்த துளையைக் காட்டினேன். பொறியாளர் நாட்காட்டியைப் பார்த்தார்.

"இதுக்குப் பின்னாடி?"

"காலண்டர் ஆணிதான்."

அவர் சரி என்று அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார். தவமணி அக்கா மட்டும் போகவில்லை. நிலைப்படியில் கை வைத்துக்கொண்டு நாட்காட்டியைப் பார்த்தபடி நின்றார்.

சாயங்காலம் தெருக் குழாயில் என் குடத்துக்கு முன்னால் தன் குடத்தை வைத்துவிட்டுச் சொன்னார்: "காலண்டர் ஆணின்னா சட்டுனு பிடுங்கிருவானுங்க வேணி. அதுக்குப் பேருகூட வேணாம்ல?"

"உங்க குடம் நிறைஞ்சுடுச்சு அக்கா" என்றேன்.

செப்டம்பர் 21, வியாழன்

மழை. சுவர் வியர்த்தது. யாரும் வகுப்புக்கு வரவில்லை.

செப்டம்பர் 23, சனி

தவமணி அக்காவின் தம்பி வருகிறாராம். அக்கா தனியாக வீடு மாற்ற முடியாது என்று டிக்கெட் போட்டுவிட்டார். அவர் மனைவி சரளா வரவில்லை, முழங்கால் வலி. மகள் கல்லூரியில் இருக்கிறாள்.

"வர்றவன் என்னத்தைத் தூக்கப் போறான்? அவன் வயித்தைத் தூக்கிட்டு வந்தாலே போதும்" என்றார் அக்கா. சொல்லும்போது முகமெல்லாம் சிரிப்பு.

காப்பிப் பொடி வாங்கினேன். வீட்டில் இருந்தது. ஆனால் பழசு.

செப்டம்பர் 24, ஞாயிறு

புத்தகங்களைக் கட்டினேன். அப்பா வைத்திருந்த தட்டச்சுப் பாடநூல்கள் கரையான் படாமல் இருக்கின்றன. உப்புச் சுவருக்கு அது ஒரு நன்மை.

2009இல் அக்காவின் தம்பி குடும்பத்தோடு வந்தபோது சித்திரை மாதம். நாலைந்து நாள் இருந்தார்கள். அக்கா வீட்டில் ஆணியைப் பிடுங்கியதைத் தெருவே பார்த்தது. நானும் பார்த்தேன். ஒரே இழுப்பில் வந்துவிட்டது, எல்லாரும் கை தட்டினார்கள். மறுநாள் மூன்று பேரும் இங்கே காப்பி குடிக்க வந்தார்கள். சரளா நல்ல மாதிரி. என் காப்பிப் பொடி எந்தக் கடையில் வாங்குவது என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். அந்தக் குழந்தைக்கு அப்போது நாலு வயது இருக்கும். பின்னறைக்குள் ஓடி, நாட்காட்டியில் தேதி கிழிக்க வேண்டும் என்று அடம்பிடித்தது. அதன் அப்பா தூக்கிப் பிடித்தார். குழந்தையின் கை தாளில், அவர் கை அட்டையின் ஓரத்தில்.

"பத்திரமா கிழி. பலமா இழுக்காத" என்றார்.

தாள் வந்தது. குழந்தையை இறக்கிவிட்டார். நாட்காட்டி சற்றுக் கோணலாகிவிட்டிருந்தது. அவர் அதை நேராக்கினார்.

பிறகு போய்விட்டார்கள்.

செப்டம்பர் 26, செவ்வாய்

இன்று பழைய மாணவி ஒருத்தி, இப்போது நீதிமன்றத்தில் வேலை, பள்ளியைப் படம் எடுத்துக்கொள்ள வந்தாள். தொண்ணூற்றாறில் படித்தவள். "அக்கா, ஒரு தடவை வேகத் தேர்வுக்கு மணி அடிக்க மறந்துட்டீங்களே, ஞாபகம் இருக்கா? பத்து நிமிஷம்னு சொல்லிட்டுப் போனீங்க, நாங்க பாட்டுக்கு அடிச்சுக்கிட்டே இருந்தோம். விரலே போச்சு."

நினைவிருக்கிறது என்றேன்.

அன்று அப்பா ஊரில் இல்லை. முன்னறையில் எல்லா மெஷினும் ஓடிக்கொண்டிருந்தன. அவ்வளவு மெஷின் ஒன்றாக ஓடினால் பக்கத்தில் இடி விழுந்தாலும் தெரியாது. பின்னறையில் சுத்தியல் சத்தம் எங்கே தெரியப் போகிறது? அந்த இடத்தில் செங்கல் கெட்டி. நேரம் பிடித்தது. அதனால்தான் மணி அடிக்கவில்லை.

அந்த ஆணியில் நாட்காட்டியை மறு வாரம் மாட்டினேன். மாட்டக் கூடாது என்பது எனக்கும் தெரியும். அப்பாவின் கண்ணில் ஆணி பட்டால் யாருடையது என்று கேட்பார்.

செப்டம்பர் 27, புதன்

கருவிகளைக் கட்டினேன். சின்னக் குறடு, பெரிய குறடு, திருப்புளி, தூரிகை, எண்ணெய்ப் புட்டி. எல்லாம் மேசையின் கீழ் இழுப்பறையில். கடைசி நாள்வரை ஏதாவது தேவைப்படும்.

செப்டம்பர் 28, வியாழன்

மதியம் அக்காவின் தம்பி வந்தார். முடிக்குச் சாயம் போட்டிருக்கிறார். கண்ணாடி சட்டைப் பையில். வாசலில் நின்றபடி கேட்டார்.

"வேணி, நல்லா இருக்கியா?"

"இருக்கேன். நீங்க?"

"சுகர்தான். வேற ஒண்ணும் இல்ல."

"அப்ப காப்பியில சர்க்கரை வேணாமா?"

"போடு. இங்க மட்டும் போட்டுக்கறேன்."

தவமணி அக்கா திண்டாடிக்கொண்டே தன் வீட்டிலிருந்து கத்தினார்: "டேய், வந்தவன் வந்த உடனே பக்கத்து வீட்டுல காப்பி குடிக்கப் போயிட்டியா? இந்தக் கட்டிலை யாருடா பிரிக்கிறது, உங்க கவர்னரா?"

பாதிக் காப்பியோடு எழுந்து போனார். டம்ளரைப் பிறகு திருப்பித் தந்தார். கழுவியிருந்தார்.

செப்டம்பர் 29, வெள்ளி

எண்ணெய் விடும் நாள். மெஷின்களெல்லாம் கட்டியாகிவிட்டது. புட்டியைத் திறந்தேன். ஆணிக்கு மட்டும் விட்டேன்.

இத்தனை வருடமாக விட்டுவந்ததில் துரு ஏறவில்லை. தொட்டால் லேசாக ஆடுகிறது. கப்பல் ஆணி, சதுரத் தலை. மீன்பிடித் துறையில் பொறுக்கியது என்று சொன்னார் அப்போது. அக்கா வீட்டில் அடித்தது கடையில் வாங்கிய ஆணி.

ஒரு கை வைத்து இழுத்தால் வந்துவிடும். அதற்காகத்தான் விட்டேன்.

செப்டம்பர் 30, சனி

விடியும்போதே மழை விட்டிருந்தது. இரண்டு மினி லாரி. முதலில் தவமணி அக்காவின் சாமான், பிறகு என்னுடையது என்று பேச்சு. மெஷின்களைத் தெருப் பையன்கள் இரண்டிரண்டு பேராக ஏற்றினார்கள். சவரிமுத்து மாமா நேற்றே போய்விட்டார். மகனின் வட்டத்துக்குக் கீழே ஒரு மெழுகுவர்த்தி உருகிக் கிடந்தது.

பின்னறையில் மேசை தவிர எல்லாம் எடுத்தாகிவிட்டது. கடைசியாக நாட்காட்டியைக் கழற்றினேன். அதன் பின்னால் சுவர் சதுரமாக வெள்ளையாக இருந்தது. நடுவில் ஆணி.

அவர் மேசையைத் தூக்க உள்ளே வந்தார். மேசையின் ஒரு முனையைப் பிடித்தவர், நிமிர்ந்து பார்த்துவிட்டு, முனையைக் கீழே வைத்தார்.

"இன்னும் இருக்கா?"

 இருப்பது தெரிகிறதே.

அருகில் போய் விரலால் தொட்டார். ஆடியது. கையை எடுத்துப் பார்த்தார். விரல் நுனியில் எண்ணெய். கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார். மோந்து பார்த்தார். தட்டச்சு மெஷின் எண்ணெயின் வாசனை இங்கே படித்த யாருக்கும் மறக்காது. அவர் அதற்குப் பிறகு என் பக்கம் திரும்பவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டேதான் பேசினார்.

"நான் எடுத்துடட்டுமா வேணி? எப்படியும் நாளைக்கு அவங்க பிடுங்கத்தான் போறாங்க. நானே எடுத்துட்டா முறையாவும் போயிடும். உனக்கும் ஒரு வேலை முடிஞ்சுது."

வெளியே லாரிக்காரர் ஒலிப்பான் அடித்தார்.

இரண்டு விரலில் பிடித்து இழுத்தார். தலை வழுக்கியது. வேட்டி நுனியால் துடைத்துவிட்டு மறுபடி பிடித்தார். வழுக்கியது.

"குறடு இருக்கா?"

"இல்லை" என்றேன்.

அவர் மேசையைப் பார்த்தார். எங்கள் அப்பா குறடும் கையுமாக எத்தனையோ மெஷினைப் பிரித்துப் பூட்டியதை அவர் பார்த்திருக்கிறார். அதே மேசை, அதே இழுப்பறை. அவர் முழங்கால் அதைத் தொட்டுக்கொண்டிருந்தது.

"இல்லையா?"

"இல்லை."

 பிறகு விரல்களை வேட்டியில் துடைத்துக்கொண்டு மேசையின் முனையைப் பிடித்தார். நான் மறுமுனையைப் பிடித்தேன். தூக்கினோம். உள்ளே இரும்பு குலுங்கியது. இருவருக்கும் கேட்டது. வாசல்வரை கொண்டுபோனோம்.

பொறியாளர் நஸ்ரீன் தெருவில் சாவிகளை வாங்கிக்கொண்டிருந்தார். கொத்தனார் வாளியோடு காத்திருந்தார். நான் சாவியைக் கொடுத்தேன். அவர் வாங்கிக்கொண்டு அடுத்தவரிடம் திரும்பினார். நான் நகரவில்லை.

"என்னம்மா?"

"பின்னறையில ஒரு ஆணி இருக்கு. அன்னைக்குத் தப்பாச் சொல்லிட்டேன். அதுக்கு வட்டம் போடணும்."

"காலண்டர் ஆணின்னீங்களே?"

"இல்லை. அதுக்கு ஆள் உண்டு."

"சரி. யாரோடது?"

தவமணி அக்கா லாரியின் அருகில்தான் நின்றார். நான் வாய் திறக்கும் முன்பே என் முகத்தைப் பார்த்துவிட்டார். சட்டென்று திரும்பி, தெருமுனைவரை கேட்கும்படி கத்தினார்: "டேய் குணா! அந்த ஆட்டுக்கல்லைப் பாத்துடா! ஏய் தம்பிங்களா, இந்தப் பக்கம் பிடிங்கடா, விழுந்துரப் போவுது! என்னடா மசமசன்னு நிக்கிறீங்க, ஒண்ணா சத்தம் போட்டுத் தூக்குங்கடா!" பையன்கள் ஐலசா போட ஆரம்பித்தார்கள். அக்கா நிறுத்தவே இல்லை.

அந்தச் சத்தத்துக்குள் நான் சொன்னேன்.

"பழனிவேல் மகன் குணசீலன்."

"எங்க போயிருக்கார்?"

"பினாங்குக்கு."

"எப்ப?"

"தொண்ணூத்தாறுல."

"அப்புறம் வரவே இல்லையா?"

ஆட்டுக்கல் லாரியில் ஏறிவிட்டது. லாரியின் பின்னால் அவர் நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

"வரலை" என்றேன்.

கொத்தனார் உள்ளே போனார். நானும் கூடப் போய் நின்றேன். வட்டம் முதல் தடவையே சரியாக வந்தது.

அக்டோபர் 5, வியாழன்

அவருக்கு இன்று விமானம். தவமணி அக்கா இப்போது இரண்டாம் மாடியில் இருக்கிறார். அங்கிருந்து கை காட்டினார். வாடகைக் கார் என் சன்னலைக் கடந்துதான் போனது.

அறையில் சன்னலுக்கு எதிரில் வெறும் சுவர், சிமெண்டு பூசியது. ஆணி அடித்தால் பெயர்ந்து கொட்டும் என்று முதல் நாளே சொல்லிவிட்டார்கள்.

பிப்ரவரி 11, 2024, ஞாயிறு

மதிலைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள். தேர்வு எழுதிய பிள்ளைகளோடு பார்க்கப் போனேன். அக்கா வரவில்லை. "நான் பாக்காத சுவரா?" என்றார்.

வீடுகள் இருந்த இடமெல்லாம் புல் விதைத்திருக்கிறார்கள். மதில் இத்தனை உயரம் என்று எனக்கு இதுவரை தெரியாது. கூரைக்குக் கீழே இருந்த அளவுதான் நான் பார்த்திருக்கிறேன். அடைத்த துளைகள் புதுச் சுண்ணாம்பில் வெள்ளைப் புள்ளிகளாகத் தெரிந்தன. நடந்துபோய் என் பின்னறை எது என்று கண்டுபிடித்தேன். மழையில் வட்டம் அழிந்துவிட்டது. ஆணி இருக்கிறது. நாலு மாதத்தில் தலையில் செம்மை ஏறியிருக்கிறது.

ஒரு மாணவி கேட்டாள்: "இது எதுக்கு மேடம் விட்டு வச்சிருக்காங்க?"

"ஊருக்குப் போன ஒருத்தர் இன்னும் வரலை" என்றேன்.

கைப்பையில் எண்ணெய்ப் புட்டி கொண்டுபோயிருந்தேன். மதிலை யாரும் தொடாதபடி இடுப்புயரத்துக்குக் கம்பி வேலி போட்டிருக்கிறார்கள். பிள்ளைகளை முன்னால் போகச் சொல்லிவிட்டு, வேலியில் சாய்ந்து கையை நீட்டிப் பார்த்தேன்.

எட்டவில்லை.